நல்லெண்ணப் பதிவேடு

"சார், உங்களுக்கு வீடே இல்லையா?"

இரண்டாம் வகுப்பு ஸ்மரான்டா இப்படிக் கேட்டபோது மாலை ஆறு மணி. பள்ளியில் மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க அம்மாவோடு வந்திருந்தாள். பூகோள ஆசிரியர் செவெரின் வராந்தாவில் ஏணிமேல் நின்றுகொண்டு, சுவரில் தாம் வரைந்துகொண்டிருந்த ருமேனிய வரைபடத்தில் டான்யூப் நதிக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கு கண்ணு. ஆனா இந்த ஆறு இன்னும் கடலுக்குப் போய்ச் சேரலையே. பாதி வழியில விட்டுட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

அது நியாயம்தான் என்று குழந்தைக்குப் பட்டது. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது ஒன்பதாவது மாலை. வரையச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. சுவரில் ஈரம் ஊறி ஒரு பெரிய கறை படர்ந்திருந்தது. அதை மறைக்க ஒரு முழு நாடு தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான் காரணம். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பள்ளியின் துப்புரவுப் பணியாளர் பரஸ்கீவா. எல்லோருக்கும் அவர் கீவாக்கா. அவருடைய வேலை நேரம் மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். ஆனால் சிரேத் ஆற்றங்கரைச் சேறு இருநூறு ஜோடிக் காலணிகளில் ஏறி வந்து வராந்தாவில் படிந்திருக்கும், அதைத் துடைக்க இடம் காலியாவது இரண்டு மணிக்குத்தான். அதனால் அவர் ஐந்துக்கோ ஆறுக்கோதான் வீட்டுக்குப் போவார். இருபத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

தலைமையாசிரியை ஒலிம்பியா தம் அறைக் கதவோரம் நின்று குழந்தையின் கேள்வியைக் கேட்டார். கண்கலங்கிப்போனார். ஒலிம்பியா கெட்டவர் அல்லர். நல்ல காரியம் ஒன்று தானாக நடந்துகொண்டிருந்தால் அதை அப்படியே விட்டுவைக்க அவருக்குத் தெரியாது. அதற்கு ஒரு பெயர் வைத்து, ஒரு குழு போட்டு, முத்திரை குத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஒரே வாரத்தில் பள்ளி வாசலில் மூன்று மீட்டர் நீளத்துக்குத் துணிப் பதாகை தொங்கியது: 'உங்களுக்கு வீடே இல்லையா?' கீழே பொடி எழுத்தில், 'இதயமுள்ள பள்ளி – மாவட்டப் போட்டி'. பொடி எழுத்தைப் படிக்காத இரண்டு ஓய்வூதியர்களும் ஒரு புதுமணத் தம்பதியும் வீட்டு மனுவோடு அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். பள்ளிச் செயலர் சிடோனியா அவர்களுக்கு விளக்கிச் சொல்லி அனுப்புவதற்குள் அரை நாள் போயிற்று. ஒரு முதியவர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. "எதுக்கும் மனுவ வாங்கி வச்சுக்கோம்மா, ரெண்டு ரூம் போதும்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி ஆசிரியர் கூட்டம். ஒலிம்பியா மேசைமேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தார். இருநூறு பக்கம், எல்லாவற்றுக்கும் எண். நடுவே மூவண்ணக் கயிறு கோத்து, பின்னட்டையில் முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை. இப்படிக் கயிறு கோத்து அரக்கு வைத்த புத்தகத்துக்கு எங்கள் நாட்டில் வேதப் புத்தகத்துக்கு அடுத்த மரியாதை. வேதப் புத்தகத்தைச் சந்தேகிப்பவர்கள்கூட இதைச் சந்தேகிப்பதில்லை. முதல் பக்கத்தில் ஒலிம்பியாவே அழகாக எழுதியிருந்தார்: 'நல்லெண்ணப் பதிவேடு. பணி நேரத்துக்கு வெளியே பள்ளி ஊழியர்கள் மனமுவந்து செய்த வேலைகள்.'

"நம்ம பள்ளி நல்லெண்ணத்துலதான் ஓடுது," என்றார். "ஆனா மாவட்டத்துல ஆதாரம் எங்கன்னு கேக்குறாங்க. இனிமே ஆதாரம் இருக்கும்."

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஸெனோபியா கையைத் தூக்கினார். "மேடம், மனசாரச் செய்யிறத எழுதி வச்சா, அது மனசாரச் செஞ்சதா ஆகுமா?"

"எழுதி வைக்கலைன்னா அது செஞ்சதாவே ஆகாது, ஸெனோபியா."

"கூடுதல் நேரத்துக்குப் பதிலா லீவு தருவாங்கன்னு சட்டம் இருக்கே, மேடம்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சட்டம் இருந்தது. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, அதற்கு ஈடாக விடுப்பு. அந்த விடுப்பை 'பள்ளியின் நலன் அனுமதிக்கும்போது' எடுத்துக்கொள்ளலாம். பள்ளியின் நலன் அதுவரை யாரையும் அனுமதித்ததில்லை. ரசாயன ஆசிரியர் ஒருவருக்கு அறுபத்தொரு நாள் சேர்ந்திருந்தது. அவர் பணி ஓய்வு பெற்ற மறுநாள், இனி அந்த விடுப்பை எடுத்துக்கொள்ளத் தடையில்லை என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

"இது கூடுதல் நேரம் இல்ல. நல்லெண்ணம். ரெண்டும் வேற வேற," என்றார் ஒலிம்பியா. "சரி, பத்து மணி நேரத்துக்கு ஒரு சான்றிதழ். ஒரு சான்றிதழுக்கு அரை பாயின்ட்."

சிரிப்பு நின்றது. பேனா மூடிகள் திறக்கும் சத்தம் கேட்டது.

பாயின்ட் என்றால் எங்கள் ஆசிரியர்களுக்கு என்ன என்று சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சிலருக்கு மட்டும் தகுதி ஊதியம் கிடைக்கும். சம்பளத்தில் கால் பங்கு கூடும். அதற்கு ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். கருத்தரங்கில் உட்கார்ந்ததற்கு ஒரு சான்றிதழ், மரம் நட்டதற்கு ஒன்று, மரம் நட்டவர்களைப் படம் பிடித்ததற்கு ஒன்று. செவெரினின் கோப்பு நான்கு விரல் கனம். போன முறை ஒன்றரை பாயின்டில் அவருக்குக் கைநழுவிப் போயிருந்தது. மகள் யாஷ் நகரில் மருத்துவம் படிக்கிறாள். அந்த ஒன்றரை பாயின்ட் எத்தனை மாத அறை வாடகை என்பது அவருக்கு மனப்பாடம்.

பதிவேட்டின் முதல் வரியை எழுதும் கௌரவம் அவருக்கே கிடைத்தது. 'வராந்தாச் சுவர் வரைபடம் – 27 மணி நேரம்.' எழுதியது முழுக்க உண்மை. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனாலும் வீட்டுக்கு நடக்கும்போது, எதையோ பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்ததுபோல் இரண்டு முறை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பதிவேட்டுக்கு ஒரு விதி இருந்தது. கூடுதல் பாடம் நடத்தினால், பெற்றோரைச் சந்தித்தால், நடவடிக்கைக் குறிப்பு எழுதி மூன்று பேர் கையெழுத்து வாங்கி இணைக்க வேண்டும். துப்புரவுக்கு மட்டும் எதுவும் தேவையில்லை. சுத்தம் கண்ணுக்குத் தெரியும், அதற்கு எதற்குக் காகிதம் என்று ஒலிம்பியா நினைத்திருந்தார். ஒரு வாரத்துக்குள் ஆசிரியர்களின் நல்லெண்ணம் முழுவதும் துப்புரவின் பக்கம் திரும்பிவிட்டது. உண்மையாகவே மாலை நேரத்தில் பலவீனமான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்கூட, மூன்று கையெழுத்துக்கு அலைய முடியாமல் 'ஜன்னல் துடைத்தல்' என்று எழுதினார்கள்.

செவெரின் முதலில் எழுதிய பொய் சின்னதுதான். கலையரங்கில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கீவாக்காவுக்குப் பத்து நிமிடம் கைகொடுத்தார். பதிவேட்டில் எழுதும்போது பத்து நிமிடத்துக்குக் கட்டமே இல்லை. கட்டம் ஒரு மணியில்தான் தொடங்கியது. அதனால் ஒன்று என்று எழுதினார். மற்றவர்கள் இரண்டு எழுதியிருந்ததைப் பார்த்து, ஒன்றை இரண்டாகத் திருத்தினார். அன்று அந்த அரங்கில் ஏழு பேர் தலைக்கு அறுபது நாற்காலி அடுக்கியதாகப் பதிவாயிற்று. பள்ளியில் மொத்தம் இருந்தவை எண்பத்தைந்து.

அக்டோபர் பதினான்கு புனித பரஸ்கீவாவின் திருநாள். அந்தப் பெயரைத் தாங்கிய கீவாக்காவுக்கு அது பெயர் நாள். பெயர் நாள் கொண்டாடுபவர்தான் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். அவர் விடியுமுன் எழுந்து முட்டைக்கோஸ் பணியாரமும் ஆப்பிள் பணியாரமும் சுட்டு, இரண்டு தட்டு நிறைய ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தார்.

"நூறு வருஷம் இருக்கணும் கீவாக்கா!"

"நூறெல்லாம் எதுக்கு? ஜூன் வரைக்கும் இருந்தாப் போதும். ஜூன்ல முப்பது வருஷம் முடியுது. முழு பென்ஷன். அப்புறம் கடவுள் கூப்பிட்டாலும், இருங்க, மொத மாசப் பணத்த வாங்கிட்டு வரேன்னுதான் சொல்லுவேன்."

தின்று முடித்து எல்லோரும் போன பிறகு எண்ணெய்க் கறையையும் துணுக்குகளையும் அவரே துடைத்தார். அன்றைய பக்கத்தில் ஏழு வரிகள் ஏறின: 'ஆசிரியர் அறை துப்புரவு – 1 மணி.' ஏழாவது வரி செவெரினுடையது. பணியாரம் இன்னும் வயிற்றில் சூடாக இருந்தபோதே அதை எழுதினார்.

சிடோனியா ஒரு நாள் கீவாக்காவிடம் பதிவேட்டை நீட்டினார். "நீங்களும் எழுதுங்கக்கா. தினமும் மூணு மணி நேரம் கூட இருக்கீங்க."

"சுத்தம் பண்றது என் வேலை. அதுல நல்லெண்ணம் எங்கருந்து வந்துச்சு?" என்று கீவாக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயருக்கு நேரே ஒரு வரிகூட இல்லாமலே ஐந்து வாரம் போயிற்று.

நவம்பரில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் கவ்ரில் வந்தார். பதாகையைப் பார்த்துத் தலையாட்டினார். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி எட்டு சாப்பிட்டார். பிறகு பதிவேட்டை வாங்கி, பையிலிருந்து கணக்குப் பொறியை எடுத்தார். அந்தப் பொறியைக் கண்டதும் ஒலிம்பியாவுக்கு மகிழ்ச்சி. நல்லெண்ணத்தை ஒருவர் கூட்டிப் பார்க்கிறாரே!

"அற்புதம் மேடம். துப்புரவுல மட்டும் இருநூத்தெட்டு மணி நேரம். அஞ்சு வாரம். அப்போ வாரத்துக்கு நாப்பத்தொன்னரைக்கு மேல."

"எல்லாம் எங்க ஆளுங்களோட மனசு, சார்."

"ஒரு துப்புரவுப் பணியிடம்னா வாரத்துக்கு நாப்பது மணி நேரம்," என்றார் கவ்ரில், வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே. "உங்க ஆசிரியர்களே அதைச் செஞ்சுடுறாங்க. ஒன்னரை மணி நேரம் மிச்சம் வேற. அப்போ இந்தப் பணியிடம் எதுக்கு? அதோட, இந்தப் பரஸ்கீவாங்கிறவங்களுக்கு நல்லெண்ணமே இல்ல போலருக்கே. முழுசா பூஜ்யம்."

ஒலிம்பியா வாயைத் திறந்தார். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தம் கையெழுத்தும் முத்திரையும் இருப்பது நினைவுக்கு வந்தது. திறந்த வாயில் ஒரு துண்டு கேக்கை வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. டிசம்பர் முதல் துப்புரவுப் பணியிடம் ரத்து. ஆசிரியர் மன்றம் கூடி ஒப்புதல் தர வேண்டும், அது சடங்குதான். கடிதத்தைப் பதிவு செய்த சிடோனியா செவெரினின் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"ஜூனுக்கு இன்னும் ஏழு மாசம். இப்ப அனுப்பிட்டா அவங்களுக்குப் பாதி பென்ஷன்கூடத் தேறாது," என்றார். "பதிவேட்டக் கூட்டிப் பார்த்தேன் சார். இருநூத்தெட்டுல உங்க பேர்ல மட்டும் அம்பத்துநாலு."

அவர் குற்றம் சாட்டவில்லை. கூட்டல் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் வராந்தாவில் கீவாக்காவே எதிரே வந்தார். கடிதத்தின் நகல் அவருடைய ஏப்ரன் பையில் நான்காக மடிந்து கிடந்தது.

"சார், அம்பத்துநாலு மணி நேரம் நீங்க இங்க கூட்டித் தொடச்சீங்களாமே. எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க தொடச்ச ஜன்னலையே நானும் மறுபடி மறுபடி தொடச்சிருக்கேன் போல." அவர் மாப்பைப் பிழிந்தார். "சொல்லியிருந்தா நான் வேற எடம் பாத்திருப்பேன்ல? உங்களுக்கும் சிரமம் மிச்சம்."

அவர் குரலில் கேலி இருக்கிறதா என்று செவெரின் தேடிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. கேலியாக இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், என் வரிகள அடிச்சிடணும். நான் அதெல்லாம் செய்யல."

"கதவ மூடுங்க சார்." ஒலிம்பியா தாழ்ந்த குரலில் பேசினார். "கயிறு கோத்த பதிவேட்டுல எப்படி அடிக்கிறது? பக்கம் கிழிச்சா அரக்கு உடையும். அரக்கு உடைஞ்சா விசாரணை வரும்."

"சிவப்பு மையில திருத்தலாம்னு விதி இருக்கே."

"இருக்கு. பக்கத்துல காரணம் எழுதணும். எல்லாரும் படிப்பாங்க. போட்டி முடிவு இன்னும் பத்து நாள்ல. உங்க தகுதி ஊதியம் என்ன ஆகும்? மகள யோசிங்க. கீவாக்காவுக்கு நாம எல்லாருமா சேர்ந்து ஒரு நல்ல பிரிவு விழா வைக்கலாம். பூங்கொத்து, சான்றிதழ், எல்லாம்."

செவெரின் மகளைத்தான் யோசித்தார். வீட்டில் புனிதர் படத்தின் முன் இருந்த சிறு விளக்கில் எண்ணெய் ஊற்றும்போதும் யோசித்தார். அந்த இரண்டு நாளும் அவர் செபம் சரியாக வரவில்லை. தொடங்கும்போதே ஐம்பத்துநான்கு என்ற எண் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் மன்றம் கூடியது. பிரிவு விழாவுக்குப் பூங்கொத்து எவ்வளவு பெரியது என்பதை முதலில் பேசி முடித்தார்கள். பிறகு ஒலிம்பியா கடிதத்தைப் படித்தார். "ஆதரவா இருக்கிறவங்க கையத் தூக்குங்க." பதினொரு கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின, மேலே பார்க்காமல்.

"நான் தூக்கல," என்றார் செவெரின்.

"எதிர்ப்பா, நடுநிலையா?" என்று சிடோனியா குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்து கேட்டார்.

"ரெண்டும் இல்ல. திருத்தம்." அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தார். தம் பெயருள்ள ஒவ்வொரு துப்புரவு வரியின்மேலும் கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதினார்: 'இதைச் செய்தவர் பரஸ்கீவா.' இருபத்தாறு வரிகள்.

"பணியாரம் தின்ன அன்னிக்கு நாம ஏழு பேர் அந்த அறைய தொடச்சிருக்கோம்," என்றார், நிமிராமல். "தொடச்சது அவங்க. நாம கைய தொடச்சோம்."

ஸெனோபியாதான் முதலில் எழுந்தார். முகம் தீயாகச் சிவந்திருந்தது. "பேனாவ எங்கிட்டயும் குடுங்க, சார்."

பிறகு ஒருவர், இன்னொருவர். கால் மணி நேரத்தில் மேசை முன் வரிசை நின்றது. நல்லெண்ணத்துக்கு முந்தியவர்கள் இப்போது மனந்திரும்புவதற்கு முந்தினார்கள்.

"எனக்கு பதினெட்டு மணி நேரம் இருக்கு, நான் முன்னாடி போறேன்!"

"இரு, எனக்கு இருபத்திரெண்டு!"

"இதுக்கு பாயின்ட் உண்டா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதிலுக்கு மட்டும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

மாலைக்குள் இருநூற்றெட்டு மணி நேரமும் சிவப்பு மையில் கீவாக்காவின் பெயருக்கு மாறிவிட்டது. இதுவும் முழு உண்மை அல்ல. ஆனால் முந்தையதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

மன்றத்தின் ஒப்புதலை வாங்கிப்போகத் திங்கட்கிழமை வந்த கவ்ரில் மறுபடி பொறியைத் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகம் வெளுத்தது. முதல் பக்கத் தலைப்பில் 'பணி நேரத்துக்கு வெளியே' என்று இருந்தது. அதன் கீழ் ஒரே ஊழியர், வாரத்துக்கு நாற்பத்தொன்றரை மணி. வழக்கமான நாற்பதையும் கூட்டினால் எண்பத்தொன்றரை. ஒவ்வொரு பக்கத்திலும் தலைமையாசிரியையின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில், 'சரிபார்த்தேன், பாராட்டுகிறேன்' என்று தம் கையெழுத்து.

"நாப்பத்தெட்டுக்கு மேல வேல வாங்கக் கூடாதுன்னு சட்டம்," என்றார் மெதுவாக. "தொழிலாளர் நல அலுவலகம் இதப் பாத்தா, ரெண்டு பேருக்குமே ஆபத்து."

கீவாக்காவைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா, வாரத்துக்கு எண்பத்தொன்னரை மணி நேரம் வேல செஞ்சீங்களா?"

கீவாக்கா யோசித்தார். "அப்போ நான் எப்ப தூங்குனேன்?"

"அத நாங்க கேக்கல. பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு."

"பதிவேட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்," என்றார் கீவாக்கா. "போன வாரம் பூஜ்யம்னு இருந்துச்சு. அப்பவும் நான் ஒன்னும் சொல்லலையே."

பணியிட ரத்து அன்று மதியமே ரத்தாயிற்று. கடிதம் ஒரு தட்டச்சுப் பிழை என்று இன்னொரு கடிதம் வந்தது. இருநூற்றெட்டு மணிக்கு ஈடாக இருபத்தாறு நாள் விடுப்பு. அதில் மூன்று வாரம் உடனே, மீதி பள்ளியின் நலன் அனுமதிக்கும்போது. நல்லெண்ணப் பதிவேடு அலமாரியில் போய்ச் சேர்ந்தது. பதாகையை இறக்கி, பின்பக்கத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதினார்கள்.

கீவாக்காவின் மகள் இத்தாலியில், தூரின் நகரில், ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அங்கே பிறந்த பேத்திக்கு நான்கு வயது. கீவாக்கா அவளைத் தொலைபேசித் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தார். சனிக்கிழமை இத்தாலி போகும் பஸ்ஸில் ஏறினார். மடியில் பணியாரப் பொட்டலமும், குழந்தைக்குப் பின்னிய கம்பளிக் காலுறையும்.

முந்தைய நாள் அசெம்பிளியில் ஒலிம்பியா செவெரினை மேடைக்கு அழைத்து, 'நேர்மைக்கான சிறப்புச் சான்றிதழ்' கொடுத்திருந்தார். ஒரு பாயின்ட். எல்லோரும் கைதட்டினார்கள். வரைபடம் வரைந்ததைவிட இதற்கு அதிகம் தட்டினார்கள். செவெரின் அதைக் கோப்பில் செருகவில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை. வகுப்பில் ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைத்தார். பொய் சொன்னபோதும் கைதட்டல், ஒப்புக்கொண்டபோதும் கைதட்டல். இடையில் அந்த ஐம்பத்துநான்கு மணி நேரம் அப்படியே யாரோ ஒருத்தியின் முதுகில் கிடந்தது. சிவப்புக் கோடு அதை இறக்கிவைக்கவில்லை.

கீவாக்கா இல்லாத மூன்று வாரத்துக்குத் துப்புரவு 'ஊழியர்களின் நல்லெண்ணத்தால் உறுதிசெய்யப்படும்' என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதிவேடு இல்லாததால் இரண்டு மணி அடித்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை நாலரைக்கு செவெரின் பள்ளியின் பின்கதவைத் திறந்தார். சாவி, பட்டுப்போன ஜெரேனியச் செடித் தொட்டிக்கு அடியில் இருந்தது. வெந்நீர் ஏழு மணிக்குத்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாது. பச்சைத் தண்ணீரில் கை விறைத்தது. கழிப்பறைகளைக் கழுவும்போது இரண்டு முறை வெளியே போய் மூச்சு வாங்கினார். 'கீழ்த்தள வராந்தா – 2 மணி' என்று தாம் எழுதிய வேலை, உண்மையில் செய்து பார்க்கும்போது மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்தக் கூடுதல் மணியை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏழரைக்கு வாளியைக் கவிழ்த்துவிட்டு, வெளியே போய் ஊரைச் சுற்றிக்கொண்டு, எட்டு மணிக்கு எல்லோரோடும் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்.

வராந்தா பளபளவென்று இருப்பதைப் பார்த்து நகராட்சி ஆள் அனுப்பியிருக்கிறது என்று ஸெனோபியா நினைத்தார். மாவட்டம் பயந்துபோய் ஆள் போட்டிருக்கிறது என்று ஒலிம்பியா நினைத்தார். சிடோனியாவோ ஒலிம்பியா மேடம்தான் யாருக்கும் தெரியாமல் வந்து செய்கிறார் என்று முடிவு கட்டி, அவரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டார். காரணம் தெரியாவிட்டாலும் அந்த மரியாதையை ஒலிம்பியா ஏற்றுக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக அதற்குத் தகுந்தவர்போல நடக்கவும் ஆரம்பித்தார். ஒரு மாலை, தம் அறைக் குப்பைக்கூடையைத் தாமே கொண்டுபோய்க் கொட்டினார்.

செவெரினுக்கு முட்டி வீங்கியது. மனைவியிடம் குளிர் என்று சொன்னார். சனிக்கிழமைகளில் கலையரங்கின் ஜன்னல்கள். எண்பத்தைந்து நாற்காலிகளையும் ஒற்றை ஆளாகத் தூக்கி அடுக்கினார். தேசிய தினத்தன்று ஊர் முழுக்கக் கொடி ஏறியபோது மேல்தளப் படிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் டிசம்பர் ஆறு, சனிக்கிழமை, புனித நிக்கோலாவின் திருநாள். திருநாளில் வேலை செய்யக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். "அம்பத்துநாலுல இன்னும் மூணு மணி நேரம்தான், ஐயா. இதை முடிச்சுட்டு வந்துடறேன்" என்று வாளியைத் தூக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டார். ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் குழந்தைகள் முந்தைய மாலை துடைத்து வைத்த காலணிகள், உள்ளே புனிதர் இரவில் போட்டுச்சென்ற மிட்டாயும் ஆரஞ்சுமாகக் காத்திருந்தன. பள்ளியில் ஒரு காலடியும் இல்லை.

ஆசிரியர் அறையைக் கடைசியாக வைத்திருந்தார். மேசையை நகர்த்தி, அடியில் மண்டியிட்டுத் தேய்த்தார். மாப்பைக் கடைசி முறையாக அலசிப் பிழிந்து, கீவாக்கா மாட்டும் ஆணியில், அவர் மாட்டுவதுபோலத் தலைகீழாக மாட்டினார். தண்ணீர் சொட்டி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவாலயத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. பின்கதவைப் பூட்டி, சாவியைத் தொட்டிக்கு அடியில் வைத்தார். பிளீச்சிங் வாடை போகாத கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று வேகமாக நடந்தார்.